சீல் உடையாத நெயில் பாலிஷ்

யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தானாம். மெக்கானிக்கின் தங்கை புருஷன் அந்த ரகம். சோப்பு கம்பெனியில் கணக்கெழுதுபவர். வாரம் முழுக்க நாற்காலியை விட்டு அசையாத மனுஷனுக்கு, விடுமுறை வந்தால் மட்டும் பாதை இல்லாத இடத்தில்தான் வண்டி ஓட்ட வேண்டும். அதற்காகவே, யாரோ சஸ்பென்ஷனை உயர்த்திக் கட்டிவிட்டு அலுத்துப்போய் விற்ற பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, ‘எருமை’ என்று பெயரும் வைத்திருந்தார். உடம்பு உயர்ந்துவிட்டது, டயர் மட்டும் பழைய சின்ன டயர். பார்க்கிறவர்களுக்கு எருமை ஞாபகம் வராது, கொக்கு ஞாபகம்தான் வரும்.

“மச்சான், பெரிய டயர் கிடைச்சிருக்கு. ரிம்மோட. பாதி விலைக்கும் கம்மி,” என்று ஒரு மதியம் நாலையும் கொண்டுவந்து மெக்கானிக்கின் வீட்டு வாசலில் இறக்கினார். கல்குவாரி வண்டியில் ஓடி இளைத்த டயர்கள். டயர் நல்லதுதான், ரிம்தான் வேறு வண்டியுடையது. அப்படியே மாட்டினால் டயரின் உள்பக்கம் வண்டியின் சட்டத்தில் போய் உரசும். ஸ்பேசர் என்கிற தடித்த இரும்பு வட்டை முதலில் வண்டியோடு முடுக்கி, அதன்மேல் சக்கரத்தை முடுக்கினால் சக்கரம் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். அதையும் பழைய இரும்புக் கடையில் பிடித்து வந்திருந்தார்.

“இதையாவது புதுசா வாங்கியிருக்கலாமே மாப்பிள்ளை.”

“இரும்புக்கு என்ன மச்சான் வயசு?”

கணக்கெழுதுகிறவரிடம் வாதாடி ஜெயித்தவன் எவன்? மெக்கானிக் வேலையை ஆரம்பித்தான். ஆனால் ஸ்பேசர் என்றாலே அவனுக்கு உள்ளூர ஒரு நடுக்கம். சக்கரம் ஏறிவிட்டால் ஸ்பேசரைப் பிடித்திருக்கும் உள் நட்டுகள் கண்ணுக்குத் தெரியாது. வெளி நட்டை எத்தனை இறுக்கினாலும் உள்ளே லூசாக இருந்தால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்பேனரில் பைப்பைச் செருகி, மூச்சைப் பிடித்து உள் நட்டை இறுக்கியதும், நட்டின் மேலும் வட்டின் மேலுமாகச் சேர்த்து மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுவான். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். கோடு பிளந்து நின்றால் நட்டு திரும்பியிருக்கிறது. பட்டறையில் இதற்காக அவனைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. “அப்படியே லிப்ஸ்டிக்கும் போட்டு அனுப்புப்பா” என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவன் மாட்டிய சக்கரம் இதுவரை கழன்றதில்லை.

வலது பக்கம் இரண்டும் ஒழுங்காக முடிந்து சக்கரமும் ஏறிவிட்டது. இடது பின்சக்கரத்துக்கு வந்தபோது பாட்டிலின் அடியில் பாலிஷ் பிசினாகிவிட்டிருந்தது. ஒரு சொட்டு தின்னர் விட்டுக் குலுக்கி, அது காய்வதற்குள் அவசர அவசரமாக ஆறு கோட்டையும் போட்டு முடித்தான். அதோடு பாட்டில் காலி. இடது முன்பக்கத்து ஸ்பேசரைக் கையால் முடுக்கி வைத்துவிட்டு, வேறு பாட்டில் கேட்க வீட்டுக்குள் போனான்.

“போன பாட்டிலே இன்னும் திரும்பி வரல. இது புதுசு. நாளைக்குக் காலைல என் கையில இருக்கணும், சொல்லிட்டேன்,” என்றாள் மனைவி. தையல் மெஷின் முன்னால் தங்கை உட்கார்ந்து மலைக்கு எடுத்துப்போகும் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். “அண்ணா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ. எருமை எங்கயும் ஓடிடாது,” என்றாள். சாப்பிட்டான். பேச்சு வளர்ந்தது.

வெளியே வந்தபோது இடது பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் ஏறியிருந்தன. மாப்பிள்ளை முழங்கை வரை கரியோடு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர்போல நின்றார்.

“உங்களுக்கு இடுப்பு வலின்னு உங்க தங்கச்சி சொன்னா. நானே மாட்டிட்டேன் மச்சான்.”

முன்சக்கரத்து உள் நட்டை இறுக்கினீர்களா என்று கேட்க மெக்கானிக் வாயெடுத்தான். அதற்குள் மாப்பிள்ளை உள்ளே தாவி ஏறி ஸ்டியரிங்கை ஒடித்தார். டயர் மட்கார்டில் கர்ரென்று உரசியது. பிறகு கேள்வியாவது ஒன்றாவது. ஒரு சக்கரத்தைப் பலகை அடுக்கின் மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, உரசுகிற இடத்தையெல்லாம் சுண்ணக்கட்டியால் குறித்து அறுத்து எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் தங்கையும் மாப்பிள்ளையும் மலைக்குக் கிளம்பினார்கள். தங்கைக்கு ஏற ஸ்டூல் போட வேண்டியிருந்தது. “இங்கேருந்து பாத்தா நீ குட்டியா தெரியுறண்ணா,” என்று சிரித்துக் கையாட்டினாள். எருமை ஒருவழியாக எருமை மாதிரியே அசைந்து போனது.

அவன் பல் விளக்கிவிட்டு வந்தபோது மனைவி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“என் பாட்டில்?”

நேற்றைய சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சீல்கூட உடைக்கலியே. வேண்டாம்னா எதுக்குங்க அவ்வளவு அடம்பிடிச்சு வாங்கினீங்க?”

சீல் உடையவில்லை என்றால் இடது முன்சக்கரத்தில் கோடு இல்லை. கோடு இல்லையென்றால் அவன் இறுக்கவில்லை. விரலால் முடுக்கிவிட்டு வந்த நட்டுகளின் மேல் மாப்பிள்ளை சக்கரத்தை ஏற்றியிருக்கிறார். அந்தச் சக்கரத்தை நம்பித் தங்கை மலையேறிக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டான். எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. தங்கைக்குப் போட்டான். அடுத்த அறையில், தையல் மெஷின் பக்கத்தில், சார்ஜரில் கிடந்தபடி அவள் போன் பாட ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

“ஸ்கூட்டரை எடுங்க,” என்றாள் மனைவி.

ஜாக்கியைக் கால் வைக்கும் இடத்தில் போட்டார்கள். ஸ்பேனரையும் பைப்பையும் துண்டில் சுற்றி அவள் மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டிலையும் இடுப்பில் செருகிக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை. ஊர் தாண்டும்வரை ஸ்கூட்டர் பறந்தது. ஏற்றம் தொடங்கியதும் அது இருமியது, முனகியது, மாட்டுவண்டிக்குத் தம்பியாகிவிட்டது. அவன் உடம்பையே முன்னால் தள்ளித் தள்ளி உட்கார்ந்தான், அதனால் வண்டி வேகமாகப் போய்விடும் என்பதுபோல.

ஒவ்வொரு வளைவிலும் அவன் பார்வை பாதையில் இல்லை, பள்ளத்தில் இருந்தது. ஒரு வளைவில் சாலையோரம் கருப்பாக என்னவோ கிடந்தது. கிட்டே போனால் ஏதோ லாரி உதிர்த்த ரப்பர்ச் சக்கை. இன்னொரு வளைவில் தடுப்புக்கம்பி ஒடிந்து வெளியே வளைந்திருந்தது.

“நிறுத்தாதீங்க. ஒடிஞ்ச இடம் துருப்பிடிச்சிருக்கு. பழசு,” என்றாள் மனைவி, அவன் கேட்பதற்கு முன்பே. அவளும் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அதற்கும் மேலே கூட்டம். ஆண்களும் பெண்களுமாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் கால் பிரேக்கை மறந்துவிட்டது; அவள்தான் தோளைப் பிடித்து உலுக்கினாள். ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்ட பஸ். இறங்கிய ஜனங்கள் பொழுதுபோகாமல் பள்ளத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய டயர் போட்ட வண்டி போனதா என்று மனைவிதான் கேட்டாள்.

“அந்த ராட்சச வண்டியா? இப்பத்தான் ஆடிக்கிட்டே போச்சு,” என்றார் டிரைவர்.

ஆடிக்கிட்டே. அந்தச் சொல் அவன் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. சின்ன வயதில் சைக்கிள் பழக்கும்போது தங்கை “விட்டுடாதண்ணா, விட்டுடாதண்ணா” என்று கத்துவாள். அவன் விட்டதே இல்லை. நேற்று ஒரு தட்டு சோற்றுக்கு உட்கார்ந்து விட்டுவிட்டான்.

மேலும் இரண்டு வளைவு தாண்டியதும் எருமை ஓரமாக நின்றிருந்தது. நாலு சக்கரமும் இருந்தன. தங்கை பாறைமேல் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

“என்னண்ணா ஆச்சு? அண்ணி, யாருக்காவது ஏதாவதா?”

பின்சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்துவிட்டு, ஜாக்கியை உருவி இடது முன்பக்கம் போட்டான். மாப்பிள்ளை வாயைப் பிளந்து நிற்கும்போதே சக்கரத்தைக் கழற்றி உருட்டினான். உள்ளே ஆறு நட்டும் வெறும் இரும்பாக, சிவப்பே இல்லாமல் நின்றன. விரலை வைத்துத் திருப்பினான். அசையவில்லை. ஸ்பேனரை வைத்தான். அசையவில்லை. பைப்பைப் போட்டு ஏறி நின்றான். மலை அசைந்தாலும் அசையும், நட்டு அசையாது போலிருந்தது.

“அதை நானே பைப் மேல ஏறி மிதிச்சு இறுக்கினேன் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. “ஒண்ணுலதான் கோடு இல்ல. நீங்க விட்டுட்டுப் போயிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா? கணக்குல ஒரு வரி விட்டுப்போனா கண்ணுல படாம இருக்குமா?”

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது. தங்கையும் சேர்ந்துகொண்டாள். “இதுக்கா ஸ்கூட்டர்ல மலையேறினீங்க? ஏண்ணா, ஒரு பாலிஷுக்கா?” மெக்கானிக்கும் சிரித்தான். உயிர் திரும்பி வந்து உடம்பில் உட்காரும் இடம் தேடுவது அவனுக்கே தெரிந்தது. சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினான். மாப்பிள்ளை அவன் கையில் டீயைக் கொடுத்தார்.

“அப்போ அந்தச் சத்தம் இதிலேருந்து வரலியா?” என்றாள் தங்கை.

“எந்தச் சத்தம்?”

“வளைவுல எல்லாம் டொக்கு டொக்குன்னு கேக்குது. இவர் பின்னாடி ஏத்தின அடுப்புப் பெட்டி ஆடுதுன்னார். பெட்டியைக் கட்டலாம்னுதானே இங்க நிறுத்தினோம்.”

“எந்தப் பக்கம்?”

“என் முதுகுக்குப் பின்னாடி. இடது பக்கம்.”

டீ அவன் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. இடது பின்பக்கம் ஜாக்கியைப் போட்டு, வெளி நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை இழுத்தான். ரிம்முக்குள்ளிருந்து இரண்டு நட்டுகள் சாலையில் விழுந்து ஓடின. ஸ்பேசரில் மீதி நாலு இருந்தன. நாலிலும் சிவப்பு. வட்டின் மேல் பாதிக் கோடு ஒரு திசையைப் பார்க்க, நட்டின் மேல் பாதி வேறு திசையைப் பார்த்தது. ஒன்றை விரலால் தொட்டான். அது ஜாம் பாட்டில் மூடிபோலச் சுற்றிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

பாலிஷ் காய்ந்துவிடுமே என்று முதலில் கோட்டைப் போட்டதும், வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்ததும் இப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஆயுளில் ஒரே ஒரு முறை இறுக்குவதற்கு முன்னால் கோடு போட்டிருக்கிறான். அது தங்கை உட்காரும் இடத்துக்குப் பின்னாலிருக்கும் சக்கரம்.

மனைவி இடுப்பிலிருந்து புது பாட்டிலை எடுத்துவிட்டு, நீட்டத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். தங்கை பள்ளத்தின் பக்கம் திரும்பவே இல்லை, அண்ணனின் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை குனிந்து, ஓடிய நட்டு ஒன்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை.

“இதுல சிவப்பு இருந்துச்சு மச்சான்,” என்றார். “அதான் நான் தொடவே இல்ல.”