நாற்பத்திரண்டாம் புகார்

முதியோர் குடியிருப்பின் சலவை அறையை ஒட்டிய சின்ன அறைதான் அதன் ஆவணக் காப்பகம். அங்கே வசிப்பவர்களே அதை நடத்துகிறார்கள். பொறுப்பு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருக்கு. பழைய புகார்ப் புத்தகங்களை அலுவலகம் எடைக்குப் போட இருந்தபோது, குறுக்கே நின்று வாங்கி வந்தவர் அவர். குடியிருப்பின் இருபதாம் ஆண்டுக் கண்காட்சிக்காகப் பக்கம் பக்கமாக எண் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை தமிழ் டீச்சர் வந்து நின்றார். எண்பத்தொரு வயது.

“ஒரு பக்கத்தைக் கிழிக்கணும். நான் எழுதினதுதான்.”

டீச்சர் எழுதியது ஒன்றா இரண்டா? பக்கத்து அறை டிரைவரின் ரேடியோ சத்தம் பற்றி மட்டும் நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்றை அவர் கண்டுகொள்ளவேயில்லை. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

“பதிவானதைக் கிழிக்க எனக்கு அதிகாரம் இல்லைம்மா. அதுல வர்ற ஆளையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்” என்று போஸ்ட்மாஸ்டர் டிரைவருக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

டிரைவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். காது மந்தம், ரகசியம் பேசினாலும் ஹார்ன் அடித்த மாதிரி இருக்கும். புத்தகத்தைப் புரட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

“‘காட்டுக் கத்தல்’னு எழுதியிருக்காங்க சார்!”

பிறகு நாற்பத்திரண்டுக்கு வந்தார்.

‘இன்று காலையிலிருந்து ரேடியோ சத்தம் இல்லை. கதவை தட்டினேன். பதில் இல்லை. உடனே யாரையாவது அனுப்பி பாருங்கள்.’

சிரிப்பு நின்றது. ஒன்பது வருடத்துக்கு முன்பு, அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து நினைவில்லாமல் கிடந்த நாள் அது.

“வாட்ச்மேன்தான் காப்பாத்தினார்னு வருஷா வருஷம் அவருக்குச் சட்டை எடுத்துக் குடுத்துட்டிருக்கேனே!”

“கதவை உடைச்சது அவர்தானே. குடுங்க, நல்ல மனுஷன்” என்றார் டீச்சர்.

“இதைப் போய் ஏம்மா கிழிக்கணும்?” என்றார் டிரைவர்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு இடத்துல ஒற்று விட்டுப்போச்சு. முப்பத்தஞ்சு வருஷம் தமிழ் சொல்லிக் குடுத்தவ நான். கண்காட்சிக்கு என் பழைய மாணவிங்க வருவாங்க. மானம் போயிடும்.”

போஸ்ட்மாஸ்டர் மற்ற பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அத்தனையும் கோபத்தில் எழுதியவை. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

டிரைவருக்கு ஒற்று எங்கே விட்டது என்று தெரியவில்லை. தேடவும் இல்லை. “அதுக்கப்புறம் ஏன் புகாரே எழுதலை? நான் சத்தத்தைக் குறைக்கவே இல்லையே.”

டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

“என்னம்மா? கேக்கலை.”

“சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதியா இருந்துச்சு!” என்று டீச்சர் கத்தினார். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சு சட்டென்று நின்றது.

பக்கம் கிழிபடவில்லை. கண்காட்சியன்று டிரைவர் அதன் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் உரக்க வாசித்துக் காட்டினார். டீச்சர் தள்ளியே நின்றார். பழைய மாணவிகள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் தலை நரைத்த ஒருத்தி குனிந்து பார்த்து, தயங்கித் தயங்கி, “டீச்சர், இங்க ரெண்டு ஒற்று வரணும் இல்லையா?” என்றாள்.

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. அவளை இழுத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.