உள்பக்கம் மடித்த ஒயர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். அதனால் என் வேலையில் குறை சொல்ல யாரும் துணிவதில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சுரங்க ரயிலின் கதவுகளைப் பழுதுபார்க்கிறேன். கதவு விஷயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைக் கெடுத்தது இந்தப் பெருமைதான்.

எங்கள் ரயில்களுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. மாதத்துக்கு ஒன்றாகப் புது ரயில் வந்திறங்க, பழையவற்றை ஒவ்வொன்றாக ஓய்வுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பழசுக்கு உதிரிப் பாகம் செய்த கம்பெனியே இப்போது கிடையாது. ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம். ஓய்வுபெற்ற ரயிலின் ஓட்டுநர் அறைக் கதவில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவோம். குறி விழுந்துவிட்டால், அதிலிருந்து யாரும் எதையும் கழற்றி ஓடுகிற ரயிலுக்குப் போட்டுக்கொள்ளலாம். அறைக்குள் ஒரு தாள் தொங்கும். என்ன எடுத்தாய், எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாய், எதில் போட்டாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. செத்த ரயிலுக்கு எதற்கு மருந்துச் சீட்டு என்று சிரிப்போம்.

அன்று புதன்கிழமை. புது ரயிலில் பயிற்சி எடுக்க ஆறு பேர் லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் எனக்கும் இடம் உண்டு என்று பேச்சு. கடைசி மூன்று மாதத்தில் அவரவர் பொறுப்பிலுள்ள ரயிலில் ஒரு பழுதுகூடப் பதிவாகியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நேரம் பார்த்து என் ரயிலில் ஒரு கதவு சுவிட்ச் மண்டையைப் போட்டது. கதவு முழுசாக மூடியதா என்று ஓட்டுநருக்குச் சொல்லும் சுவிட்ச் அது. எல்லாக் கதவும் மூடினால்தான் அவர் முன்னால் பச்சை விளக்கு எரியும். எரிந்தால்தான் வண்டி நகரும்.

பக்கத்துத் தண்டவாளத்தில் இருமல்காரி நின்றாள். காற்று அமுக்கும் இயந்திரம் லொக்கு லொக்கென்று இருமுவதால் அந்த ரயிலுக்கு நாங்கள் வைத்த பெயர். முந்தின நாள்தான் அவளுக்குக் குறி விழுந்திருந்தது. மூன்றாவது பெட்டியில், கதவுக்கு மேலிருந்த மூடியைத் திறந்து சுவிட்சைக் கழற்றினேன்; பழுது பதிவாவதற்குள் அதை என் ரயிலில் மாட்டிவிட வேண்டும். ஆனால் மதியம் அவளைப் பின்பக்கத் தண்டவாளத்துக்கு நகர்த்தியாக வேண்டும். சுவிட்ச் இல்லாமல் பச்சை எரியாது, நகரமாட்டாள். அதனால் தொங்கிய இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். இனி அந்தக் கதவு திறந்து கிடந்தாலும் மூடியதாகவே காட்டும். குறி விழுந்த ரயில்தானே, யார் ஏறப்போகிறார்கள்? தாளில் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று சாப்பிடப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை, புது ரயில் சோதனை ஓட்டத்தில் படுத்துக்கொண்டது. வண்டி பற்றாமல், இருமல்காரியை ஒரு வாரத்துக்குத் திருப்பிக் கூப்பிட்டார்கள். எனக்கு அன்றிலிருந்து ஞாயிறு வரை விடுமுறை. ஈரத்துணியால் குறியைத் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் கதவெல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி என் மச்சானிடம் கொடுத்தார்கள். மச்சான் என் மனைவியின் தம்பி. நான் சொல்லித்தான் அவனை வேலைக்கு எடுத்தார்கள். நாலு வருடமாக ஒப்பந்த ஆள், அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டியவன். ஒரு பக்கம் மட்டுமே முப்பத்திரண்டு கதவு. திறந்து மூடிப் பார்த்தான், பச்சை எரிந்தது, கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை காலை நெரிசலில் அந்தக் கதவு முழுசாக மூடாமல் ஒரு பெண்ணின் வலது கையைக் கவ்விக்கொண்டது. ஓட்டுநருக்குப் பச்சை. வண்டி நகர்ந்தது. உள்ளே யாரோ அவசரப் பிடியை இழுத்து நிறுத்துவதற்குள் பத்தடி தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அந்தப் பெண் தையல்காரி.

செய்தி வந்தபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெட்டி என்று காதில் விழுந்ததும் சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். அந்த நிமிடமே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் லிஸ்ட் ஒட்டினார்கள், என் பெயர் இரண்டாவதாக இருந்தது. அதற்கப்புறம் நாளைக்கு என்று நினைப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. நடத்தியவர் எங்கள் தலைமைப் பொறியாளர், பெருசு என்று கூப்பிடுவோம். ஒயரைச் சேர்த்து வைத்தது மச்சான்தான் என்பது அவர் முடிவு. வேலை செய்யாத சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, நேரம் மிச்சப்படுத்தக் குறுக்கு வழியில் போய்விட்டானாம். கதவு நிபுணர் என்று என்னையும் ஆலோசனைக்கு உட்காரவைத்திருந்தார்கள். அந்தக் கொடுமையை என்னவென்று சொல்ல!

"மூடியத் தொறந்து பாத்தியா?" என்று பெருசு கேட்டார்.

"பாதிக் கதவுலதான் தொறந்தேன் சார். நேரமில்ல. அந்தப் பெட்டியில தொறக்கவே இல்ல. அது என் தப்புதான், நான் ஒத்துக்கறேன். ஆனா ஒயர நான் சேக்கல."

பெருசு ஒரு பிளாஸ்டிக் பையை என் பக்கம் நகர்த்தினார். டேப்பைப் பிரித்து வைத்த ஒயர் துண்டு. மூன்று முறுக்கு, நுனி உள்பக்கமாக மடிந்திருந்தது. மற்றவர்கள் நுனியைக் கத்தரித்துவிடுவார்கள். பின்னால் தொடுகிறவன் விரலில் குத்தக் கூடாது என்று நான் மடித்துவிடுவேன். அடுத்தவன் விரலுக்காக அவ்வளவு கவலைப்படுகிற ஆள் நான்!

"நீங்க சொல்லுங்க. இது யார் கைவேலை?"

மச்சான் என்னைப் பார்த்தான். முறைப்பு இல்லை, கெஞ்சலும் இல்லை. பதிலுக்காகக் காத்திருக்கிற பார்வை.

"தெரியல சார்," என்றேன். "நேரமில்லன்னா சின்னப் பசங்க இப்படிச் செய்யறதுதான்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை என்னிடம் யாருமே கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். ஞாயிறு கழித்து, திங்கட்கிழமை வேலைநீக்க உத்தரவில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிப் பெருசு எழுந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்ததுமே என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா வந்த? இவரு சொல்லித்தான உன்ன வேலைக்கு எடுத்தாங்க? உன்னால இவரு அங்க தல நிமிந்து நடக்க முடியல. ஒரு பொண்ணு கைய ஒடச்சுட்டு, இல்லவே இல்லன்னு சாதிக்கிறியாம்!"

நான் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வானிலை அறிக்கையை நாலாவது தடவை படித்தேன். காது மட்டும் எரிந்தது.

"மன்னிச்சிடுக்கா," என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, உங்களுக்கும் என்னால கெட்ட பேரு. மனசுல வச்சுக்காதீங்க," என்றான்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினான். வழியனுப்புகிற சாக்கில் நானும் பின்னாலேயே படியிறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, மேலே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்:

"மாமா, நுனிய உள்பக்கமா மடிக்கிற ஆளு டிப்போவுலயே ஒருத்தர்தான்."

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சும் ஏன்டா அங்க சொல்லல?"

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். அவரு மேசையில வச்சுக் கேட்டாரே, அப்பக்கூட, இதோ சொல்லப்போறாருன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்." குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். "இனிமே நான் சொன்னா, தப்பிக்கறதுக்கு மாமா மேல பழி போடுறான்னு அக்காவே சொல்லும். விடுங்க. அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம். தாங்காது."

அவன் இறங்கிப் போனான். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவன் குரலைத் தாழ்த்திப் பேசினானே, அதுதான் என்னைக் கூசவைத்தது.

மேலே வந்தேன்.

"போயிட்டானா?" என்றாள் மனைவி, அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

"அந்த ஒயர அவன் சேக்கல. நான்தான் சேத்தேன்."

திரும்பினாள். எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றினது, போட்டது, விசாரணையில் சொன்னது வரைக்கும். அப்போதும், "அன்னிக்கு அதுல குறி போட்டிருந்தது, அதான்..." என்று சப்பைக்கட்டு கட்டப் பார்த்தேன். போதும் என்பதுபோல் கையைக் காட்டினாள். அடுப்பை அணைத்தாள். செருப்பு மாட்டாமல் படியில் ஓடினாள். "டேய் தம்பி! நில்லுடா!" என்று அவள் கத்தியது கட்டிடம் முழுக்கக் கேட்டது. பிறகு கீழே அழுகைச் சத்தம். நான் இறங்கிப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். தட்டு வைத்துப் பரிமாறினாள். மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு என் முன்னால் வைத்தாள்.

எழுத ஆரம்பித்தேன். "சென்ற மாதம், ஓய்வுபெற்ற ரயிலின் மூன்றாவது பெட்டியில் ஊழியர் ஒருவர் கவனக்குறைவாக..."

தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"யாரு அந்த ஊழியர்? நம்ம வீட்டுல சாப்பிட்டுத் தூங்குற ஆளா?"

மச்சானுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. உடனே தலையைக் குனிந்துகொண்டான். நான் அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு, மேலே "நான்" என்று எழுதினேன். என்ன எடுத்தேன், எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தேன், எதில் போட்டேன், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு ஓட்டுநர் அறையில் தொங்கிய தாளில் எழுதியிருந்தால் ஒரே வரிதான்.

அவள் தாளை வாங்கி மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அந்தப் பொண்ணு கையப் பத்தி ஒண்ணுமே இல்லயே?"

வாங்கி அதையும் எழுதினேன். அவள் அதை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட குடு, காலைல போய்க் குடுத்துடறேன்," என்றேன்.

"நானும் வரேன்," என்றாள். "நீங்க குடுக்கறத நான் கண்ணால பாக்கணும்."

இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையைச் சரிபார்க்க யாரும் பின்னால் வந்ததில்லை. சரி என்றேன்.