பூசி மூடிய சுவர்

அக்கா சம்மட்டியைத் தூக்கியபோது மணி பத்தேகால். பதினோரு மணிக்குச் சோதனை அதிகாரி வந்துவிடுவார். அதற்குள் அந்தச் சமையலறைச் சுவர் வாயைத் திறந்தாக வேண்டும்.

கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிடப் பத்து வயது மூத்த கொத்தனாருக்குக்கூட. நிஜமான தம்பி ஒருவன்தான். எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் லைசன்ஸ் அவள் பேரில் இருந்தது. மூன்று தரம் பரீட்சையில் மண்ணைக் கவ்வி, நாலாம் தரம் வாங்கியது. தம்பி ஒரு தரமும் எழுதவில்லை. எழுதினவள் தோளில் சவாரி செய்வது சுலபமாயிற்றே! அவள் நம்பரைப் பாட்டன் சொத்து மாதிரி வண்டிக் கதவில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு திரிந்தான்.

வாசலில் தொங்கிய பெர்மிட் அட்டையை அன்று காலையில்தான் அவள் படித்தாள். 'ஒயர் குழாய்களைப் பூச்சுக்கு முன் நேரில் பார்த்தேன். மூடலாம்.' கீழே அவள் கையெழுத்து. பூச்சு நடந்த வாரம் அவள் இந்தத் தெருப் பக்கமே வரவில்லை. பள்ளிக்கூட மார்க் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பழகிய கை, இப்போது அக்காவுடையதைப் போட்டிருக்கிறது. சொல்லப்போனால் அவள் போடுவதைவிட அழகாக.

முதல் அடியில் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. மாடியிலிருந்து தம்பி நாலு கால் பாய்ச்சலில் இறங்கி வந்தான்.

"அக்கா! பைத்தியமா உனக்கு? பூசி ரெண்டு நாள்தான் ஆச்சு!"

"பாக்காம மூடினா இன்சூரன்ஸ்காரன் சல்லிக்காசு தர மாட்டான். நாளைக்கு இங்க சமைக்கறவ செத்தா என் தலைதான் உருளும்."

"ஒண்ணும் ஆகாது. ஏன் என் பொழப்புல மண்ணள்ளிப் போடற?"

"உன் பொழப்பா? நம்பர் யாருதுடா?"

அவன் சம்மட்டிக் காம்பைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. காம்போடு சேர்த்து அவள் வலது கையைக் கதவு நிலையில் வைத்து நெரித்தான். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. இரண்டு விரல். வலி மண்டை வரைக்கும் ஏறியது. வலியைவிடப் பெரிதாக வந்தது கோபம். நெற்றியால் அவன் வாயில் ஒரே முட்டு. அவன் பல்லும் ரத்தமுமாகப் பின்னால் சாய்ந்தான். அந்த இடைவெளியில் இடது கையால் சம்மட்டியை வீசினாள். ஒன்று, இரண்டு, மூன்று. சுவர் திறந்தது.

உள்ளே ஒயர் சேருமிடத்தில் இருக்க வேண்டிய ஜங்ஷன் பாக்ஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டு ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி அப்படியே பூசியிருந்தான். ஈரத்தில் டேப் நழுவி, செம்பு பளபளத்தது.

"இதுல கரண்ட் இருக்கா?"

"இல்லக்கா. மெயின் ஆஃப்."

"அப்ப தொடு."

"எதுக்கு?"

"ஆஃப்தானே? தொடு!"

இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரை நோக்கி இழுத்தாள். அவன் வயிற்றில் உதைத்தான். தோளில் கடித்தான். அவள் பிடி உடும்புப் பிடி. அவன் விரலுக்கும் செம்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது, பிறகு நாலு விரற்கடை. அவள் உண்மையாகவே அவனைக் கொல்ல விரும்பினாள். அது அவளுக்குத் தெரிந்தது, பயமாகவும் இருந்தது.

"விடுக்கா! செத்துடுவேன்! கலவை மெஷினுக்கு இந்த ஒயர்லதான் நேர் லைன் இழுத்திருக்கேன், மெயினை அணைச்சாலும் கட் ஆகாது! விடு!"

விட்டாள். அவன் தரையில் பொத்தென்று விழுந்தான்.

முதல் அடிச் சத்தத்திலேயே வந்துவிட்ட கொத்தனார் காலி வாளியோடு வாசற்படியில் நின்றிருந்தார்.

"ரெண்டு நாளா இந்தச் சுவத்துக்கு வாளி வாளியா தண்ணி அடிக்கறேன்," என்றார் மெதுவாக. "நேத்து கை விறுவிறுன்னு இழுத்துச்சு. வாயுன்னு நெனச்சுத் தைலம் தேச்சேன்டா, பாவி!"

வாளி பறந்து வந்து தம்பியின் நெற்றியைப் பிளந்தது. மறுபடி எடுத்து ஓங்கியவரை அக்காதான் குறுக்கே விழுந்து தடுத்தாள். கடைசியில் அவள்தான் தடுக்க வேண்டியிருந்தது.

சோதனை அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். ரத்தத்தைப் பார்த்து ஒரு நிமிடம் தயங்கினார். டெஸ்டரை ஓட்டையில் வைத்தார். விளக்கு எரிந்தது. ஓடிப்போய் நேர் லைனைப் பிடுங்கச் செய்தார். அப்புறம் வாசல் அட்டையைக் கழற்றினார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

ஆமென்றால் லைசன்ஸ் போய்விடும். இல்லையென்றால் தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். அவள் அவனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை உண்மை பேசியிருந்தால் அவள் ஒருவேளை ஆமென்றே சொல்லியிருப்பாள்.

"அவங்களுதுதான் சார்," என்றான் தம்பி, வாயைத் துடைத்துக்கொண்டே. "லைசன்ஸ்ல இருக்கறதோட ஒப்பிட்டுப் பாருங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் கூலிக்கு வேலை செய்யறவன்."

அதிகாரி லைசன்ஸை வாங்கி ஒப்பிட்டார். அச்சு அசலாக இருந்தது.

"பேனா குடுங்க," என்றாள் அக்கா.

வீங்கிப்போன வலது கையில் பேனாவைச் செருகி, இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்து, அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதைப் போட்டாள். எழுத்து கோணி, இழுத்து, பாதியில் அட்டையைக் கிழித்தது. அதன்மேல் அவள் கண்ணீரும் விழுந்தது.

அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, இது ரெண்டும் ஒத்தே போகலையே. இதுல எது நிஜம்?"

"கோணலா இருக்கறதுதான் சார். நேரா எழுதினவன்தான் என் விரலை ஒடிச்சான்."

"நான் பாத்தேன்," என்றார் கொத்தனார்.