தண்ணீருக்குள் ஆயிரம் கன்றுகள்

பாண்டிராஜின் அப்பா மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். பிள்ளைக்கு நூற்பாலையில் வேலை. மில் விடுகிற புகைக்கு ஈடாக மரம் வளர்த்துக் காட்ட வேண்டும். நூல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் இப்போதெல்லாம் மரத்தைக் கண்ணால் பார்த்தால்தான் ஆர்டர் தருகிறார்கள். திங்கட்கிழமை வருகிறார்கள். நட்ட மரக்கன்றுகள் தேறியிருந்தால் அவனுக்கு வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆயிரம் கன்றும் தண்ணீருக்குள் கிடந்தன.

காலி நிலம் காட்டு என்று மேலதிகாரி கேட்டபோது பாண்டிராஜ் காட்டியது எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே ஒரு கண்மாயின் உள்வாயை, மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிற இடத்தை. ஆறு வருஷமாக வறண்டு ஆடு மேய்ந்த கண்மாய். அது நிறையும் என்று திருச்சுழிப் பக்கம் பிறந்த எவன் நம்புவான்? இந்த ஐப்பசியில் விடாமல் மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. ஊரே கரையில் நின்று குலவை போட்டபோது இவன் மட்டும் தண்ணீருக்கு மேல் ஒரு கன்றின் நுனியாவது தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.

மடையைத் திறந்துவிட்டால் நான்கு நாளில் வடிந்துவிடும். வியாழக்கிழமை காலையில் மடைக்காவல் கோட்டைச்சாமியைத் தேடிப் போனான். அவர் வயலில் நெல் பாவியிருந்தார். விதை அப்போதுதான் முளைவிட்டிருந்தது. அறுவடை வரைக்கும் அதற்குக் கண்மாய்த் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லை.

எப்படிக் கேட்பது என்று இவன் நின்றுகொண்டிருக்க, அவரே ஆரம்பித்தார்.

"தம்பி, ஒங்களுக்கு வேல போயிருமாம்ல. கன்னுக்குத் தண்ணி ஊத்துன பிச்சையம்மா சொல்லி அழுதா. கோடை பூராம் எங்க பொம்பளயாளுகளுக்குக் கூலி குடுத்தீக. ஊருல பேசிட்டோம். இப்பமே தெறந்து விட்டுர்றோம்."

"நெல்லுண்ணே?"

"மானாவாரியில காலத்த ஓட்டுனவுகதான நாங்க. இன்னொரு வருசம் ஓட்ட மாட்டமா?"

பாண்டிராஜுக்கு வெட்கமாக இருந்தது. தான் கேட்க வந்ததை அவர்கள் தாங்களாகவே தந்தது அதைவிடப் பெரிய வேதனை.

"தெறக்காதீகண்ணே," என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று மேலதிகாரிக்குப் போன் போட்டான்.

"சார், கன்னு ஒண்ணுகூடத் தேறாது. எல்லாம் தண்ணிக்குள்ள."

"யார் காட்டின இடம் அது?"

"நான்தான் சார். கண்மாய்னு தெரிஞ்சேதான் காட்டுனேன்."

"தண்ணியை வடிச்சுவிட வழியே இல்லையா?"

"இருக்கு சார். ஊர்க்காரவுக மடையத் தெறக்கத் தயாராத்தான் நிக்கிறாக. நான்தான் வேண்டாம்னுட்டேன்."