ரைட்டரய்யா கெடுக்க வந்த வேலை

ஏற்காட்ல எங்க எஸ்டேட்டுக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ரிசார்ட்டு கட்டியிருக்காங்க. நான் காப்பிப் பழம் பறிக்கிற எடத்துல நின்னு கையை நீட்டுனா அவங்க சுவத்தைத் தொட்டுடலாம். அங்க வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு, வாசல்ல நின்ன வாட்ச்மேன்கிட்டப் போய்க் கேட்டனுங்க. "இங்க கேக்கக் கூடாதும்மா. சேலத்துல அரசாங்கம் வேலைவாய்ப்பு முகாம் நடத்துது, அங்க வந்து கேளுங்க"ன்னுட்டாரு. வேலியைத் தாண்டறதுக்கு மலையே எறங்கி ஏறணுமாம். 'சுற்றுலா வளருது, உங்க ஊர்லயே உங்களுக்கு வேலை'ன்னு ஆட்டோவுல மைக்கு வேற கட்டி பஜார் முழுக்கச் சொல்லிட்டுப் போனாங்க.

எனக்கு அந்த வேலை வேணும். பதினோரு வருசமா மழையில நனைஞ்சாச்சு, அட்டைக்கு ரத்தமும் குடுத்தாச்சு. கூரைக்குக் கீழ நின்னு மாசச் சம்பளம் வாங்கணும்னு நொம்ப நாள் ஆசைங்க. ஆனா அவங்க முகாம் வெச்சது பழம் பழுத்துக் கொட்டற மாசத்துல. லீவு கேட்டாலே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு எங்க ரைட்டர் பாலசுப்பிரமணியம். தெனம் காலையில பேர் கூப்பிட்டு எங்களை வேலைக்கு அனுப்பறவரு அவருதான். பேர் கூப்பிடறதைத் தவிர அவரு வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. "சசிரேகா, கூடையில பச்சைக்காய் கெடக்கு பாரு"ன்னு இல்லாத காய்க்குச் சத்தம் போடுவாரு.

அதனால நானும் கூடப் பறிக்கிற தங்கம்மாக்காவும் கல்யாணத்துக்குப் போறோம்னு லீவு சொன்னோம். அங்கதான் சொதப்பிட்டோம். என் சித்தி மவளுக்குக் கல்யாணம், நாமக்கல்லுலன்னு நான் சொல்லிட்டு வந்தேன். அக்கா தனியாப் போய், "சசிரேகா கொழுந்தனுக்குங்க, ஆத்தூருல"ன்னு சொல்லியிருக்கு. யாருக்குக் கல்யாணம்னு பேசி வெச்சுக்க ரெண்டு பேருக்குமே தோணலை.

மறுநாள் பட்டுச்சேலை கட்டிட்டு பஸ்ஸேறுனா, முன் சீட்டுல ரைட்டரய்யா உக்காந்திருக்காரு. பேர் கூப்பிடற வேலையை வேற ஆள்கிட்ட உட்டுட்டு வந்திருக்காரு. "கல்யாணத்துக்கா? நானும் அந்தப் பக்கந்தான்"னாரு. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுலயும் பஸ் திரும்புச்சோ இல்லையோ, அவரு எங்களைத் திரும்பிப் பார்த்துட்டே வந்தாரு. சேலத்துல எறங்கி, முகாம் நடக்கற காலேஜுக்குள்ள நாங்க நுழைஞ்சா, பின்னாலயே வர்றாரு மனுசன்.

தங்கம்மாக்காவுக்கு வயசு கூடன்னு எல்லா மேசையிலயும் சொல்லிட்டாங்க. ரிசார்ட்டு மேசையில, சேலத்து வெயில்லயும் மப்ளர் சுத்துன ஒரு தம்பி. "மலைக் குளிர் உங்களுக்கு ஒத்துக்குமா?"ன்னு என்னைக் கேட்டுச்சு. சிரிப்பை அடக்கிட்டு, "பொறந்ததே அங்கதானுங்க"ன்னேன். "உங்க வேலையைப் பத்திச் சொல்ல யாராச்சும் இருக்காங்களா?"ன்னு அடுத்த கேள்வி.

"நான் சொல்றனுங்க"ன்னு பின்னால ரைட்டரய்யா குரல். "இந்தம்மாவை மட்டும் எடுக்காதீங்க"ன்னாரு.

தம்பி நிமிந்து, ஏன்னு கேட்டுச்சு.

"இவங்களை நீங்க எடுத்துட்டா எங்க சீசனே படுத்துருமுங்க. அடமழையிலயும் நான் பேர் கூப்பிட்டு இவங்க இல்லாம இருந்ததில்லை. இவங்க கூடையை நான் கொட்டிக்கூடப் பார்க்கறதில்லை. சும்மா ஒரு சத்தம் போடறதோட சரி. மத்தவங்களுக்குள்ள சண்டைன்னா தீத்து வெக்கறதும் இவங்கதான். வேற யாரை வேணும்னாலும் எடுத்துக்கங்க. இவங்களை உட்டுருங்க."

தம்பி அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. ஒண்ணாந்தேதி வந்துருங்கன்னு எங்கிட்டச் சொல்லிருச்சு. அப்பத்தான் ரைட்டரய்யாவுக்கு, தான் என்ன பண்ணி வெச்சோம்னு ஒறைச்சுது.

எனக்குச் சந்தோசத்துக்கு முன்னாலயே கோவம்தான் வந்துச்சுங்க. பஸ் ஸ்டாண்டுல அவரை நிறுத்திக் கேட்டேன். "ஏனுங்க, இத்தனையும் மனசுல வெச்சுட்டுத்தானா பச்சைக்காய், பச்சைக்காய்னு என் உசுரை வாங்குனீங்க? இதுல ஒரு வார்த்தையை எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் ஏன் இங்க வர்றேன்?"

தலையைச் சொறிஞ்சாரு. "சொன்னா நீ கூலி ஜாஸ்தி கேப்பியேம்மா"ன்னாரு. உண்மையை இப்படிப் பட்டுன்னு சொல்ற ஆளைத் திட்டவும் வாய் வரலை. டீ வாங்கிக் குடுத்தேன்.

இப்ப தெனம் காலையில யூனிஃபார்ம் போட்டுட்டு ரிசார்ட்டு வராந்தாவைத் தொடைக்கறேன். வேலிக்கு அந்தப் பக்கம் ரைட்டரய்யா பேர் கூப்பிடுவாரு. பழக்கம் போகலை, என் பேரையும் கூப்பிட்டுடறாரு. அப்பறம் அதை அடிச்சுட்டு அடுத்த பேருக்குப் போவாரு. முதல் நாள் தொடைக்கற துணியைப் போட்டுட்டு வேலி வரைக்கும் போயிட்டனுங்க. இப்பல்லாம், "வந்துட்டனுங்க, கூலியை இந்தப் பக்கம் குடுத்து உடுங்க"ன்னு நானும் சத்தம் குடுக்கறேன்.

போன வாரம் தங்கம்மாக்காகிட்ட, "நல்லாப் பறிச்சிருக்கீங்கம்மா"ன்னு சொன்னாராம். அக்கா அப்பவே கூலி ஜாஸ்தி கேட்டுருச்சு. குடுத்துட்டாருங்க.