பதினாலாம் நம்பரின் பச்சை

தம்பி ஓடுகிற பந்தயத்தில் அண்ணனைக் கண்காணிப்பு நாற்காலியில் உட்கார வைத்தது யார் யோசனையோ, அந்தப் புண்ணியவானை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்றார்கள். உன்னைப் போல அனுபவசாலி யார் என்றார்கள். அண்ணன்காரனும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டிவிட்டான்.

நாலு நாள் பந்தயம். உலக சாம்பியன் பட்டத்துக்கான வரிசையில் அதுவும் ஒன்று. தார் ரோடு என்ற பேச்சே கிடையாது. மண்ணும் சரளைக்கல்லுமான காட்டுப் பாதை. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்டேஜ் என்று பெயர் வைத்து, புழுதி அடங்க இடைவெளி விட்டு ஒவ்வொரு காராக அவிழ்த்து விடுவார்கள். காருக்கு இரண்டு பேர். ஒருவன் ஓட்டுவான், பக்கத்தில் இருக்கிற கோ-டிரைவர் அடுத்து வரும் வளைவு எப்படிப்பட்டது என்று வாசித்துக்கொண்டே வருவான். தம்பி பதினாலாம் நம்பர் காரில் கோ-டிரைவர்.

அண்ணனுக்கு வேலை ஒரு உள்விளையாட்டரங்கின் மாடியில். டேபிள் டென்னிஸ் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே திரைகளை வைத்து, தரையெல்லாம் வயரை ஓட்டி டேப் அடித்திருந்தார்கள். திரையில் ஒவ்வொரு காரும் ஒரு புள்ளி. கார் நின்றால் புள்ளி மஞ்சளாகும். காருக்குள் கோ-டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் இரண்டு பொத்தான்கள். எங்களுக்கு ஒன்றுமில்லை என்றால் பச்சை. டாக்டரை அனுப்பு என்றால் சிவப்பு. ஒரு நிமிடத்துக்குள் இரண்டில் ஒன்று வர வேண்டும். வராவிட்டாலோ, வந்தும் சந்தேகம் இருந்தாலோ, ஸ்டேஜை நிறுத்தி டாக்டர் காரை உள்ளே விடுகிற அதிகாரம் அண்ணனுக்கு உண்டு. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த அதிகாரத்தை இரண்டாம் நாளே காட்டி மூக்குடைபட்டான். பதினாலாம் நம்பர் மஞ்சளானது.  அண்ணன் நிமிடம் முடியும் வரை பொறுக்காமல் ஸ்டேஜை நிறுத்தியே விட்டான். பார்த்தால் டயர் பஞ்சர். தம்பி பச்சையை அமுக்க மறந்துவிட்டு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம், ஓடி முடிக்காத ஸ்டேஜுக்கு உத்தேசமாக ஒரு நேரம் போட்டுக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. யாருக்கும் திருப்தியில்லை. ஒரு அணியின் மேலாளர் மாடிக்கே ஏறி வந்து, இது பந்தயமா குடும்ப விழாவா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பந்தயத் தலைவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தாலாவது தேவலை. எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "தம்பி தும்மினாக்கூட நிறுத்திடுவீங்க போலிருக்கே" என்றார். மாடி முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்தான், வேறென்ன செய்ய. அன்றைக்கே மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான்: இனி அது தம்பி இல்லை, பதினாலாம் நம்பர், அவ்வளவுதான். மானம் ரோஷம் இருக்கிறவன் அப்படித்தான் நினைப்பான். அந்த மானத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட.

மூன்றாம் நாள் மத்தியானம். காற்றே இல்லை, காட்டுக்குள் ஒரு கார் கிளப்பிய புழுதி அடுத்த கார் வரும்போதும் அப்படியே நிற்கிறதென்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஜின் நடுவில் பதினாலாம் நம்பர் மஞ்சளானது. மஞ்சளான கையோடு பச்சையும் வந்தது.

மாடியில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். பக்கத்து மேசை டாக்டரம்மா எழுந்து பாதி நின்றவர் உட்கார்ந்தார். தலைவர் அண்ணனைப் பார்த்து, பாத்தீங்களா என்பது போலத் தலையாட்டினார்.

அண்ணன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது தம்பியின் கை இல்லை. தம்பியை அவனுக்குத் தெரியாதா? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜென்மம். கார் இடித்தால் முதலில் தன் கழுத்தைத் தடவிப் பார்ப்பான், டிரைவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான், விரலை அசைக்கச் சொல்வான், அப்புறம்தான் பொத்தான். பயிற்சியில் இதற்காகவே திட்டு வாங்கியவன். அவ்வளவு அவசரமாக அமுக்கியது டிரைவராகத்தான் இருக்க வேண்டும். கோ-டிரைவர் கைக்கெதிரே இருக்கிற பொத்தானை டிரைவர் எதற்கு எட்டி அமுக்குகிறான்?

நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"என்ன?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்ல சார்."

மென்று விழுங்கிவிட்டான். பச்சையை மறந்ததற்கு நேற்று வாங்கிய திட்டில் தம்பி இன்றைக்குச் சுறுசுறுப்பாகிவிட்டான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பச்சை சீக்கிரம் வந்துவிட்டது, அதனால் நிறுத்தினேன் என்று சொன்னால் ஊர் சிரிக்காதா? கை மட்டும் மைக்கை விடவில்லை. காட்டுக்குள் அந்த இடத்துக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்ற மார்ஷலை ரேடியோவில் கூப்பிட்டான்.

"பதினாலு நின்ன இடம் உங்களுக்குத் தெரியுதா?"

"வளைவுக்கு அந்தப் பக்கம் சார். இங்கிருந்து தெரியாது. அதான் பச்சை வந்துருச்சே?"

"ஆமா, வந்துருச்சு."

அடுத்த கார் அந்த இடத்தைக் கடந்தது. முடிவுக் கோட்டில் இருந்தவர்களிடம், அந்தக் காரில் வருகிறவர்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னான். பதில் வருவதற்குள் இன்னொரு காரும் கடந்துவிட்டது.

"டிரைவர் ரோட்டோரமா நின்னு ஓகே அட்டையைக் காட்டினாராம். கார் மரத்துல சாஞ்சு கிடக்குதாம்."

"கோ-டிரைவர்?"

"பாக்கலையாம். ஒரே தூசின்னு சொல்றாங்க."

எந்தப் பக்கம் மரத்தில் சாய்ந்திருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். தலைவரின் முதுகைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். இன்னும் ஒரு கார் போகட்டும், அதற்கப்புறம் யார் சிரித்தாலும் சரி, நிறுத்திவிடுகிறேன் என்று நினைத்தான். அந்தக் காரும் போனது. அதற்கடுத்த காரும் போனது. அவன் வாய் திறக்கவில்லை.

பச்சை, சிவப்பாக மாறியது.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்டேஜை நிறுத்தினான், டாக்டர் காரை விட்டான், ஹெலிகாப்டரைக் கிளப்பச் சொன்னான். குரல் நடுங்கவில்லை, அதுதான் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. கார் கோ-டிரைவர் பக்கமாக மரத்தில் மோதியிருந்தது. டிரைவருக்குத் தலையில் அடி. எதிரே இருப்பது மரமா மனிதனா என்றுகூடத் தெரியாத நிலையில், நேற்று அவர்கள் அணியின் மேலாளர் மண்டையில் ஏற்றியிருந்த ஒன்றை மட்டும் மறக்காமல் செய்திருக்கிறான்: நின்றால் முதலில் பச்சையை அமுக்கு. அமுக்கிவிட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். "எப்படிடா இருக்கேன்னு கேட்டேன், 'ம்'னான். திரும்ப வந்து பாத்தா பேச்சில்ல, அப்பத்தான் சிவப்பை அமுக்கினேன்," என்று டாக்டரிடம் அழுதானாம்.

ரேடியோவை டாக்டரம்மாதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் வைத்த விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எதனால?" என்றான்.

"உள்ளுக்குள்ள ரத்தம் போயிருக்கு."

"பச்சை வந்த உடனே நான் அனுப்பியிருந்தா?"

"அதை இப்பக் கேக்காதீங்க."

"கேக்கறேன், சொல்லுங்க."

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "உயிரோட ஹெலிகாப்டர்ல ஏத்தியிருக்கலாம்," என்றார்.

தலைவர் வந்து தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது; நல்ல மனிதர்தான். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பச்சை இருந்துச்சு, விதிப்படி நடந்தீங்க. சொந்தத் தம்பின்னு பதறாம உக்காந்திருந்தீங்களே, அது எல்லாருக்கும் வராது." அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல அண்ணனுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்திருப்பது அவனுக்கு நன்றாகவே பழகிவிட்டது.

வீட்டுக்கு யார் சொல்வது என்று பேச்சு வந்தபோது, நானே சொல்கிறேன் என்று எழுந்து படிக்கட்டுக்குப் போனான். கீழே மைதானத்தில் யாரோ பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் மணியிலேயே தம்பி மனைவி எடுத்துவிட்டாள்.

"மாமா, நீங்களா? வண்டி நின்னு போச்சு போல, போன்ல அந்தப் புள்ளியைப் பாத்துட்டு இருந்தேன். இந்த வருஷமும் கதை கந்தலா? வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு பாருங்க."

"நீ பாத்தியாம்மா?"

"பாத்தேன். மஞ்சளானதும் பக்குனு ஆயிடுச்சு. ஆனா நேத்து டயர் பஞ்சருக்கே நீங்க எல்லாத்தையும் நிறுத்திட்டீங்கல்ல. இன்னிக்கு ஒண்ணொண்ணா மத்த கார் போயிட்டே இருந்துச்சா, சரி, மாமா இருக்காங்க, ஏதாவது இருந்தா விட்டிருப்பாங்களான்னு போனை வச்சிட்டுப் பாப்பாவைக் குளிப்பாட்டப் போயிட்டேன்."

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா? இருக்கீங்களா? அவர்கிட்ட குடுங்களேன்."

"பாப்பாவைக் கீழ விட்டுட்டு," என்றான், "நீ முதல்ல உக்காரும்மா."