பெரட்டு இல்லாத நாள்களின் மழை

1

ஒரு பொய்யை மறைக்கத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் திட்டும்போது கொஞ்சம் வலி குறையும். இடம், ஜெலாப்பாங்கில் ஒரு சின்ன அலுவலகம். நேரம், மதியச் சாப்பாடு. பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'போன வருஷம் வேலையை விட்டுப் போன கோகிலன் எதிலும் கவனம் இல்லாதவன். ஒருநாள் பில்ட் கோப்பில் அவன் ஒரு வரியை

(நிறுத்திவிட்டேன். பக்கத்து மேசை தினேஸ்வரி எட்டிப் பார்த்துவிட்டு, "யாருண்ணே கோகிலன்? நம்ம ஆபீஸ்ல அப்படி யாருமே இருந்ததில்லையே" என்றாள்.)

இருந்ததில்லைதான். கதையிலிருந்து ஆளைத் தூக்கிவிட்டேன்.

2

நடந்ததையே சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடும் லைப்ரரி ஒன்று எங்களிடம் இருக்கிறது. (புத்தகம் அடுக்கும் லைப்ரரி இல்லை. மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் கணக்குத் தொகுப்பு.) பழைய மழை அளவுகளைக் கொடுத்தால் வரைபடத்தில் பச்சையோ சிவப்போ பூசித் தரும். பச்சை என்றால் வெள்ளம் வராது.

போன வாரம் புதிய கணினி வந்தது. பழையதில் சமர்த்தாக ஓடியதைப் புதியதில் கம்பைல் செய்தால் (ஓடும் வடிவத்துக்கு மாற்றினால்) ஒரே ஒரு சோதனை மட்டும் தோற்றது. 'இங்கே எண் இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். மூன்று நாள் மல்லுக்கட்டினோம். கம்பைலரை மாற்றினோம், அழித்துவிட்டு மறுபடி நிறுவினோம், விற்றவனைத் திட்டினோம். இன்று காலை தினேஸ்வரி இரண்டு கணினிகளின் பில்ட் அமைப்புகளையும் (நிரலை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கட்டளைகள்) அருகருகே திறந்து வரி வரியாகப் படித்தாள். பழையதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. வேகமாகக் கணக்குப் போடச் சொல்லும் வரி.*

"அண்ணே, புதுசு கெட்டுப்போகல. புதுசுதான் உண்மையச் சொல்லுது. பழசுதான் நாலு வருஷமா பொய் சொல்லியிருக்கு."

யார் போட்ட வரி என்று தேடினாள். 'தர்மேந்திரன். தற்காலிகமாக.'

தர்மேந்திரன் நான்தான்.

* அந்த வரி இருந்தால், எல்லாக் கட்டத்திலும் எண் இருக்கிறது என்று கணினி நம்பிவிடும். காலியா என்று பார்க்கும் சோதனையையே தூக்கி எறிந்துவிடும். பிறகு காலிக் கட்டத்தைக் காட்டி 'வரம்பைத் தாண்டியதா?' என்று கேட்டால், 'இல்லை' என்றுதான் பதில் வரும். இல்லை என்றால் பச்சை.

3

இரண்டாவது தொடக்கம்: 'புந்தோங்கில் வாடகை வீட்டிலேயே தலை நரைத்த என் அக்கா நவமணிக்கு ஆற்றோரம் ஒரு சொந்த வீடு

அழகாக எழுத வரவில்லை. நேராகவே சொல்கிறேன். கோலா கங்சார் பக்கம், அக்காவின் கணவர் இராமசாமி கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டத்தை அழித்து, வரிசை வீடுகளாக ஒரு தாமான் கட்டினார்கள். பின்பக்கம் ஆறு. வீடு வாங்கலாமா என்று அக்கா என்னைத்தான் கேட்டாள். மச்சான் அந்தக் காலத்தில் எழுதிய மழைப் புத்தகத்தை வாங்கி, பதினைந்து வருஷத்தையும் நானே கணினியில் ஏற்றினேன். பழைய கணினியில் பச்சை வந்தது. "பயப்படாம போங்கக்கா" என்றேன். போய்விட்டார்கள்.

4

அன்று ஏற்றியதை மறுபடி திறந்து பார்த்தேன், நிறையக் கட்டங்கள் காலி. ஒரு மணிக்கு மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், மழைப் புத்தகத்துல நெறையக் கட்டம் காலியா கெடக்கே, ஏன்?"

சிரித்தார். "காலங்காத்தால மழ பேஞ்சா பால் மரம் வெட்டு இல்ல, பெரட்டும் இல்ல. பெரட்டுல பேர் கூப்பிட ஆளே வரலன்னா நான் எதுக்குலா ஆபீசத் தொறக்கணும்? மறுநாள் போனா மழ அளக்குற குழாய் நெறஞ்சு வழிஞ்சுகிட்டு இருக்கும். கவுத்துக் கொட்டிட்டு வச்சிருவேன்."

"எவ்வளவுன்னு எழுதலையா?"

"வழிஞ்சத எப்படி அளக்குறது? தூறல் மட்டும் கரெக்டா எழுதியிருக்கேன் பாரு."

பதினைந்து வருஷத் தூறலை வைத்து நான் ஒரு வீட்டுக்குப் பச்சை பூசியிருக்கிறேன். பெரிய மழை எல்லாம் காலிக் கட்டங்களில் இருக்கிறது.

"நாலு நாளா இங்க விடாத மழ" என்றார் மச்சான். "பின்னால வாழ மரத்தடி வரைக்கும் ஆத்துத் தண்ணி வந்திருச்சு. நீ பச்சன்னு சொன்னதால நிம்மதியா இருக்கோம். வச்சிரவா?"

"சரி மச்சான்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்து கோகிலனை எழுத ஆரம்பித்தேன்.

5

முடிவு அ: மழை விட்டுவிடுகிறது. (இது முடிவில்லை, என் ஆசை.)

முடிவு ஆ: தண்ணீர் சமையலறைக்குள்

(எழுத மாட்டேன்.)

முடிவு இ: இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் கொஞ்சம் இடத்தைக் காலியாக விட்டு, வாசகரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று எழுந்து போய்விடுவார்கள். நானும் விட்டேன்.

[                    ]

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களாண்ணே?" என்றாள், நான் போனில் பேசியதைக் கேட்டிருந்த தினேஸ்வரி.

"எழுதிட்டிருக்கேன்."

"எழுதுறீங்களா? மணி ரெண்டரை ஆச்சுண்ணே! மொதல்ல போன எடுங்க!"

ஒன்றரை மணி நேரம்! நான் தொடக்கம் மாற்றி மாற்றி எழுதிய ஒன்றரை மணி நேரமும் அக்காவுக்கு என்னிடமிருந்து போனது காலிக் கட்டம்தான். அவளும் அதைப் பச்சை என்றுதான் படித்திருப்பாள். பயந்துவிட்டேன். என்னை நினைத்தே பயந்துவிட்டேன்.

6

மூன்றாவது முறை மணி அடித்ததும் மச்சான் எடுத்தார். மழைச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

"மச்சான், காலியா கெடந்ததெல்லாம் பெரிய மழ. நான் அத வெயில் நாளுன்னு கணக்குப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. அக்காவக் கூட்டிகிட்டு இப்பவே மேட்டுக் கோயிலுக்குப் போயிருங்க."



"ஒரு மணிக்குப் பேசினியே தர்மா, அப்பவே தெரியுமா ஒனக்கு?"

இந்த இடத்தைக் காலியாக விட எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

"தெரியும் மச்சான்" என்றேன்.

"நவமணி! துணிய விடு, செருப்பப் போடு!" என்று அவர் கத்தியது கேட்டது. போன் எங்கோ விழுந்தது. பிறகு மழை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது.

இதுவரைதான் எனக்குத் தெரியும். மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கு மேல் உள்ளதை நீங்கள் என்னவாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். காலியாக இருக்கிறதே என்று மட்டும் பச்சை பூசிவிடாதீர்கள்.